வேலியில் நான் வைத்த வாசல்

1

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரம். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணாச்சியல்லே? ஞான் பாலோட்டு நின்னாணு. ஆ முள்ளன்வாதில் ஒண்ணு எனிக்கும் வேணம். வேகம் வந்நு செய்து தரணம், கேட்டோ.”

பாலோடு பக்கத்து ஊர். முள்ளன் என்றால் முள்ளம்பன்றி. வாதில் என்றால் கதவு. முள்ளம்பன்றி காயம் படாமல் வேலியைக் கடந்து போவதற்கு நான் பலகையில் செய்து மாட்டிய சின்னக் கதவுக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்திருக்கும் பேர் அது.

“எதுக்கு உங்களுக்கு அது?” என்று கேட்டேன்.

அந்த ஆள் சிரித்தான். “அது பின்னே அண்ணாச்சிக்கு அறியாமல்லோ” என்றான். எனக்குத் தெரியாதா என்ன என்று என்னிடமே கேட்கிறான். போனை அணைத்துவிட்டு வாயில் இருந்ததைத் துப்பினேன். செம்புத் தண்ணீர் தீரும்வரை கொப்பளித்தும் வாய் சுத்தமானதாகத் தோன்றவில்லை.

அடுப்படியில் நின்ற என் மனைவி செல்வி எல்லாவற்றையும் கேட்டாள். பத்து நாளாகவே எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. மேசை மேல் ஒரு புகார் மனு பாதி எழுதிக் கிடக்கிறது. அதில் ஐந்து பேர் வர வேண்டும். நாலு பேரை எழுதியாயிற்று. ஐந்தாவது செல்வியின் கூடப்பிறந்த தம்பி தங்கராசு. அந்தப் பேரை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்தான் நான் முதல்முதலாகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். அந்தக் கணக்கில் இன்றோடு இருபத்திரண்டு வருஷம். ஊரில் இருக்கும் நீங்கள், செங்கோட்டை தாண்டினால் கேரளா, அதெல்லாம் ஒரு வெளியூரா என்று கேலி செய்வீர்கள். பஸ்ஸில் அரை நாள்தான். ஆனால் ரேஷன் கார்டில் என் பேரைச் சரியாக எழுத வைக்க எனக்கு நாலு வருஷம் பிடித்தது. இன்றைக்கும் டீக்கடையில் எனக்குப் பேர் கிடையாது, அண்ணாச்சிதான். நான் இல்லாத நேரத்தில் பாண்டி.

2

எனக்குத் தெரிந்த தொழில் வேலி கட்டுவது. விதுராவில் வாடகை வீடு. பொன்முடி ரோட்டிலும் போனக்காடு எஸ்டேட் ரோட்டிலும் காட்டை ஒட்டிக் கிடக்கும் தோட்டங்களுக்குக் கம்பிவலை கட்டிக் கொடுக்கிறேன். தங்கராசு என் கூடவே பதினோரு வருஷம் வேலை செய்தவன். ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் கூட்டி வந்து, குறடு பிடிக்கக் கற்றுக் கொடுத்தேன்.

நம் ஊரில் வேலி என்றால் உடைமுள்ளை வெட்டிப் போடுவோம். அடியில் கீரி போகும், முயல் போகும். நமக்குப் பெரிய கருணை இருந்து வழி விட்டோம் என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். அடைக்கச் சோம்பல், அவ்வளவுதான். இப்போது அங்கேயும் வேலியில் கரண்ட் விட்டுப் பன்றி கொல்கிறார்களாம். போன தடவை வந்தபோது அதை ஒரு சொந்தக்காரர் பெருமையாகச் சொன்னார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

இங்கே வேலை சுத்தம். இரும்பு ஆங்கிளை நட்டு, வலையை இழுத்துக் கட்டி, அடி ஓரத்தை முக்கால் அடி மண்ணுக்குள் இறக்கி சிமெண்ட் போட்டுவிடுவோம். அடி வழியாக எலி நுழைவதுகூடக் கஷ்டம். அப்படித்தான் மாஷின் தோட்டத்துக்கும் போட்டோம். மாஷ் என்றால் வாத்தியார். ரிட்டயர் ஆகி ரப்பரும் மரச்சீனியும் போட்டிருக்கிற மனிதர். மரச்சீனி என்று இங்கே சொல்வது நம்முடைய மரவள்ளிதான். முள்ளம்பன்றிக்கு அதன் கிழங்கு என்றால் உயிர்.

வேலி முடிந்த மூன்றாம் நாள் காலையில் மாஷ் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு முள்ளம்பன்றி வலைக் கண்ணில் தலையைக் கொடுத்து, பின்னால் இழுக்க முடியாமல் அப்படியே செத்துக் கிடக்கிறது. முள் பின்பக்கமாகப் படுத்திருக்கும் மிருகம் அது. முன்னால் போகலாம், பின்னால் வந்தால் முள் கம்பியில் மாட்டிக்கொள்ளும். கண்ணில் எறும்பு. பல்லால் கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் புல் நசுங்கி ஒரு ஒற்றையடித் தடம் இருந்தது. காட்டிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் தடம். நாங்கள் அளவு நூல் பிடித்தபோது அதை மிதித்துக்கொண்டுதான் நின்றோம். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை.

ரோட்டில் போன ஒரு ஆள் ஸ்கூட்டரை நிறுத்தி, கையில் பிளாஸ்டிக் பையோடு வந்து, “சூடு மாறியோ?” என்று கேட்டான். சூடு ஆறிவிட்டதா, இன்னும் கறிக்கு ஆகுமா என்று. தங்கராசு ரெண்டு முள்ளைப் பிடுங்கிக் காதில் செருகி ஆடிக் காண்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கையில் ஒரு அடி போட்டு, குழி தோண்டச் சொன்னேன்.

மாஷ் என்னிடம், “அண்ணாச்சி, இனி இதினெ எனிக்குக் காணான் வய்யா. எந்தெங்கிலும் செய்யணம்” என்றார். இன்னொரு தடவை இப்படிப் பார்க்க அவரால் முடியாது. எனக்கும்தான்.

3

நான் எட்டாவதோடு நின்றவன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. தடம் இருந்த இடத்தில் வலையை ஒன்றேகால் அடி அகலத்துக்கு வெட்டினேன். நுனிகளை உள்ளே மடித்துத் தேய்த்தேன். மேலே ஒரு கம்பி வைத்து, கனமான அயனி மரப் பலகை ஒன்றை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டேன். முட்டினால் இரண்டு பக்கமும் ஆடும். நாயோ ஆடோ அந்தக் கனத்தைத் தள்ள மெனக்கெடாது. முள்ளம்பன்றி தள்ளும். மரச்சீனி போட்ட இடத்தை மட்டும் தனியாக அடைத்துவிட்டோம். முதலில் பலகையைத் தூக்கிக் கட்டி, நாலு நாளுக்கு ஒரு தடவை இரண்டு விரற்கடை இறக்கினேன். ஒரு மாதத்தில் முழுதாக இறக்கியாயிற்று. காலையில் போய்ப் பார்த்தால் பலகையின் கீழ் ஓரம் எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பாக இருக்கும். தாண்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அது சர்க்கார் மானியத்தில் போட்ட வேலி. வெட்டினால் காகிதம் வேண்டும் என்று மாஷுக்குப் பயம். மனுவை எழுதியது என் மகள். இசக்கியம்மாள் என்று குலதெய்வத்தின் பேரை வைத்தேன். காலேஜில் அவள் இஷா. டிகிரி இரண்டாம் வருஷம். தமிழில் தன் பேரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. மலையாளம் என்றால் அச்சடித்த மாதிரி எழுதுவாள்.

“நான் எழுதித் தராம், பக்ஷே ஒப்பு அப்பாதான் இடணும்” என்றாள். ஒப்பு என்பது கையெழுத்து. நம் வீட்டுப் பிள்ளை பேசும் தமிழைக் கேட்டு ஊரில் நீங்கள் சிரித்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அங்கே வர மறுக்கிறாள்.

மூன்று ஆபீஸ் ஏறினோம். வேலி எங்களுடையது, மிருகம் எங்களுடையது இல்லை என்றார்கள் ஒரு இடத்தில். அடுத்த இடத்தில் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கிளார்க், நல்ல மனிதர்தான், பீரோவையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“காட்டுப்பன்னியெ வெடி வைக்கான் ஃபார்ம் உண்டு அண்ணாச்சி. கடத்தி விடான் ஃபார்ம் இல்லா.”

சுடுவதற்கு ஃபாரம் இருக்கிறது, போக விடுவதற்கு இல்லை. அதே சுடுகிற ஃபாரத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு எங்கள் மனுவை வாங்கிக்கொண்டார். ஆபீஸ் படியில் இறங்கும்போது இஷாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. பழைய ஃபைல் தூசி. சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஆஸ்துமா. பையில் எப்போதும் பம்ப் இருக்கும். அடித்துக்கொண்டு, மூச்சு வந்ததும், “அப்பா, பாவம் அந்த முள்ளனுக்குத் தூசியும் முள்ளும் ஒண்ணும் பிரச்சனையில்லா. நம்மள மாதிரி ஆளுங்கதான் பிரச்சனை” என்று சிரித்தாள்.

4

இனி என் முட்டாள்தனத்தை எழுதுகிறேன்.

இந்த ஊரில் தடை நீங்க வேண்டுமென்றால் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பார்கள். நான் வந்து இறங்கிய அன்றைக்கே உடைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் உடைப்பேன். வாயில்லாத ஜீவனுக்கும் தடைதானே என்று தோன்றியது. மாஷின் வேலியில் அந்த வாசலுக்குப் பக்கத்தில் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் சிதறுகாய் போட்டேன். பலகைக்குக் குங்குமப் பொட்டு வேறு. மறுநாள் போனால் ஒரு சில்லு பாக்கி இருக்காது. சாமி ஏற்றுக்கொண்டார் என்று கண்ணில் தண்ணீர் வரும். முள்ளம்பன்றிக்குத் தேங்காய் எவ்வளவு இஷ்டம் என்று தெரிந்தும், நான் சாமியைத்தான் நினைத்தேன்.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். எத்தனை வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது, எல்லாம் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். ஊருக்குப் போன் போட்டு உங்களில் பாதிப் பேருக்கும் சொன்னேன்.

அப்புறம் ஆர்டர் வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக நாலு தோட்டக்காரர்கள், “எங்களுக்கும் ஒரு வாதில்” என்று கேட்டு வந்தார்கள். நான் ரெண்டு கையும் கூப்பினேன். பலகைக்கு மட்டும்தான் காசு வாங்கினேன். கூலி வேண்டாம், இது புண்ணியம் என்றேன். நாலு இடத்திலும் நானே பிள்ளையார் பிடித்து வைத்து, முதல் தேங்காயை உடைத்தேன். “வெள்ளிக்கிழமை மறக்காம போடுங்க” என்று சொல்லியும் கொடுத்தேன்.

“அத்தான், ஒங்களுக்கு இங்கன சிலை வைப்பானுவ பாருங்க” என்றான் தங்கராசு. எனக்கு அது குளிர்ச்சியாக இருந்தது.

5

பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலையில், அந்த நாலில் ஒரு தோட்டத்துக்குக் கம்பி முறுக்கப் போனேன். பிள்ளையாரைக் கும்பிடலாம் என்று வாசல் பக்கம் குனிந்தால், பலகைக்குப் பின்னால் பைக் பிரேக் கேபிளில் சுருக்கு. வழவழவென்று, எண்ணெய் போட்டு வைத்திருந்தது. கீழே தேங்காய்ச் சில். கேபிளில் ரோமம்.

தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காண்பித்தேன். யாரோ திருடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எனக்கு நினைப்பு.

அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. “பின்னே எந்தினா அண்ணாச்சி வாதில்? பூஜிக்கானோ?” என்றார்.

பின்னே எதற்கு வாசல், பூஜை பண்ணவா! காடு முழுக்கத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே இடம். தேங்காய் போட்டால் வாசலுக்கே வந்துவிடுகிறது. தலையைக் கொடுத்துத்தான் தள்ள வேண்டும். சுருக்கு அந்த உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி. கிலோ என்ன விலைக்குப் போகிறது என்றும் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். காதைப் பொத்தினால் மூக்கு இருக்கிறதே. அவர் வீட்டுக் கொல்லையில் முடியைப் பொசுக்கிய நாற்றம் அடித்தது.

மற்ற மூன்று இடத்துக்கும் ஓடினேன். மூன்றிலும் சுருக்கு. ஒருவர் மட்டும் என் பிள்ளையாரை எடுத்துத் தள்ளி வைத்திருந்தார், ரத்தம் படக்கூடாதாம்.

கடைசியில் மாஷின் தோட்டம். இங்கே இருக்காது என்று நம்பித்தான் குனிந்தேன். இருந்தது. மாஷ் அதைப் பார்த்து, “ஐயோ” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

கேபிளை ஆங்கிளோடு கட்டியிருந்த கட்டுக்கம்பி இரண்டரை முறுக்கு. வால் நுனியை உள்பக்கமாக மடித்து அமுக்கியிருந்தது. வேலி கட்டுகிறவர்கள் எல்லாரும் நுனியை வெளியே விட்டுவிடுவார்கள். கையைக் கிழிக்கும், ஆடு மாடு உரசினால் தோலைக் கிழிக்கும் என்று உள்ளே மடிக்கச் சொல்லிக் கொடுப்பவன் நான் ஒருத்தன்தான். எனக்குத் தெரிந்து இந்த மலையடிவாரத்தில் அப்படிக் கட்டும் கை இரண்டு. ஒன்று என் கை.

6

வீட்டுக்கு வந்தபோது தங்கராசு எங்கள் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டுக்கம்பியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பார்த்தான். “அத்தான், உக்காருங்க, சொல்லுதேன்” என்றான்.

“என்னத்தச் சொல்லுவே? எத்தனை பிடிச்ச?”

“மூணுதான். விக்கதுக்கு இல்ல அத்தான், சாமி சத்தியமா.”

“சாமியை இழுக்காதலே. பின்ன எதுக்கு?”

அவன் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தான். செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“புள்ளைக்கித்தான்” என்றாள். “அதோட கறிச் சாறு இழுப்புக்குக் கேக்கும்னு ஊருல எல்லாரும் சொல்லுதாவ. நான்தான் தம்பிகிட்ட கேட்டேன். ஒங்ககிட்ட சொன்னா விடுவியளா? ஒவ்வொரு தடவையும் அவ மூச்சுக்குத் தவிக்கையில நெஞ்சத் தடவிட்டு இருக்கது நான்லா. ஆட்டுக்கால் சூப்புன்னு சொல்லிக் குடுத்தேன்.”

நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். விரதம் என்று நான் புலால் தொடாமல் இருந்த செவ்வாய் வெள்ளியிலும் அந்தச் சட்டி என் அடுப்பில் இருந்திருக்கிறது. பூஜை ஷெல்ஃபுக்கும் அந்த அடுப்புக்கும் நாலடி.

உள் ரூமிலிருந்து இஷா வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்டிருக்கிறாள்.

“எத்தன பிராவசியம்மா?”

“மூணு தடவ” என்றாள் செல்வி. “குறைஞ்சிருக்குல்லா? நேத்து நீ பம்ப் அடிக்கல.”

“நேத்து மழையாயிருந்நு. பொடி இல்லா. அதான்.” தூசி இல்லாததால் இழுப்பு வரவில்லை என்கிறாள். பிறகு தாய்மாமனைப் பார்த்தாள். “மாமா, அந்த அப்ளிகேஷன்ல நான்தான எழுதினேன், ‘நிர்பயமாயி கடந்நு போகான்’னு. மாமாதான என்னெ பைக்ல ஆபீஸ்ல விட்டது?”

பயமில்லாமல் கடந்து போவதற்கு என்று எழுதியிருந்தாள். எனக்கு அன்றைக்குத்தான் அந்த வரி தெரியும். தங்கராசு தட்டில் கை கழுவினான். சாப்பிடும் தட்டில் கை கழுவாதே என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

“மாமன் ஒனக்காகத்தாம்ட்டி…” என்று ஆரம்பித்தான்.

“எனக்காக ஒண்ணும் வேண்டா.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “அப்பாவும்தான். மாமா கேபிள்தான வச்சது. தேங்கா போட்டு வா வான்னு விளிச்சது அப்பாவல்லே?”

அவள் பின்கட்டுக்குப் போய் வாய் கழுவினாள். உப்புப் போட்டு, மஞ்சள் போட்டு, வெறும் தண்ணீரில் என்று திரும்பத் திரும்பக் கழுவினாள். கழுவின அவசரத்தில் இழுப்பு வந்தது. செல்வி பம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் கையிலிருந்து அதை இஷா வாங்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்தபோதும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் வாங்கினாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

7

மறுநாள் மாஷும் நானும் அவர் வேலியின் வாசலை எடுத்தோம். வாசல் ஒன்று இருந்தால் சுருக்கும் ஒன்று போதும். அதனால் காட்டுப் பக்கத்து வலை முழுவதையும் அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு வெட்டித் தூக்கிவிட்டோம். நூற்றிருபது மீட்டர். சிமெண்டை உடைத்து எடுக்க ஆறு நாள். மாஷ் வெட்டிய நுனிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே வந்தார். இனி எந்த இடத்தில் வரும் என்று ஒருத்தனாலும் சொல்ல முடியாது. மானியம் போனால் போகட்டும் என்றுவிட்டார்.

மற்ற நாலு பேரும் என்னை வேலிக்கு உள்ளே விடவில்லை. என் கையால் மாட்டிய பலகை, எனக்குக் கழற்ற உரிமை இல்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம், பிடித்தால் ஜெயில் என்று இஷா சொன்னாள். புகார் மனுவை எழுத உட்கார்ந்தாள். நாலு பேரை எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அஞ்சாவது?”

“அவன் இனி செய்யமாட்டான்” என்றேன்.

“அப்போ அந்த நாலு பேரையும் எழுதினது அவங்க அப்பாவோட மச்சினன் இல்லாததுகொண்டாணோ?” மச்சினனாக இல்லாததால்தானா என்கிறாள்.

நான் எழுந்து போய்விட்டேன். தங்கராசு கூட்டாளிகள் ரூமில் தங்கியிருக்கிறான். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம். நாலு பேரை மட்டும் எழுதிக் கொடுத்தால், தங்கராசு சுருக்கு வைத்தது தெரிந்த அந்த நாலு பேரும் முதலில் கேட்கப் போவது அண்ணாச்சியின் மச்சினனை ஏன் விட்டாய் என்றுதான். அதற்கப்புறம் அந்தக் காகிதத்துக்கு மரியாதை கிடையாது. ஐந்தும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் பத்து நாள் அந்த வாசல்களில் சுருக்கு விழுந்துகொண்டிருக்க, நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல் ஒரு பக்தனைப் பார்த்தால் எனக்கே துப்பத் தோன்றுகிறது.

இன்று காலை அந்தப் பாலோட்டுக்காரன் சிரித்தபோதுதான், ஆறாவது வாசலுக்கும் ஆள் வந்துவிட்டது என்று உறைத்தது. சாயங்காலம் இஷா காலேஜிலிருந்து வந்ததும், “பேப்பரை எடும்மா” என்றேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். செல்வி அடுப்படி நிலையில் நின்றாள். இஷா ஐந்து என்று போட்டு, மலையாளத்தில் தங்கராசு என்று எழுதினாள். எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னாள், அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

“அது அவன் வீட்டுல கூப்புடுத பேரு” என்றாள் செல்வி.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

“ஆதார்ல தங்கப்பழம்னு இருக்கும். தங்கராசுன்னு எழுதினா அது நான் இல்லன்னுட்டுப் போயிருவான். அடிச்சிட்டு எழுது.”

இஷா அடித்துவிட்டு எழுதினாள். நான் செல்வியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. தகப்பனார் பேர் எழுதும் கட்டம். செத்துப்போன என் மாமனார் பேர் எனக்கும் தெரியும், இஷாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். ஆபீஸில் நின்று சொல்வதைப் போல, நிறுத்தி நிறுத்தித் தன் அப்பாவின் பேரைச் சொன்னாள்.